அன்றைய ஹெவிவெயிட் ஜாம்பவான்கள் இன்று ரிங்கில் ஏறினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய முகமது அலியா இன்றைய டைசன் ஃபியூரியா, அன்றைய மைக் டைசனா இன்றைய ஒலெக்சாண்டர் யூசிக்கா என்ற சண்டை குத்துச்சண்டை ரசிகர்கள் நாலு பேர் கூடும் இடமெல்லாம் நடக்கிறது. பெரும்பாலும் இரண்டே வாதங்கள்தான். "இன்றைய ஆட்கள் மலை மாதிரி இருக்கிறார்கள், பழையவர்கள் நிற்கவே முடியாது" என்பது ஒன்று. "அந்தக் காலத்து நெஞ்சுரம் இப்போது யாருக்கு இருக்கிறது" என்பது இன்னொன்று. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். உடம்பின் அளவு முக்கியம்தான். ஆனால் அந்த அளவை எந்தக் கால்களால், எந்தத் தூரத்திலிருந்து கடக்கிறார்கள் என்பதில்தான் பதில் இருக்கிறது. 2024-ல் தன்னைவிடப் பெரிய ஃபியூரியை வென்று யூசிக் அதை இரண்டு முறை காட்டினார்.

ஒப்பிடத் தொடங்கும் முன் எதை முடிவு செய்துகொள்ள வேண்டும்?

முதலில், எந்த வருடத்து ஆள் என்பது. "அலி" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த அலி ரிங் முழுக்க வழுக்கிக்கொண்டே நகர்ந்தார். 1974-ல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாவது ரவுண்டில் வீழ்த்திய அலி கயிற்றில் சாய்ந்து அடி வாங்கி, எதிராளியைக் களைப்பாக்கி ஜெயித்தார். 1980 ஜனவரியில் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடிய அலி ஓய்வு பெற்று, உடம்பு போட்டுவிட்டவர். ஒரே பெயரில் மூன்று வேறு ஆட்கள். இந்தப் பக்கத்தில் அலி என்றால் 1966–67 அலி.

இரண்டாவது, எந்த விதிகள்: 12 ரவுண்டா 15 ரவுண்டா, கையுறை எத்தனை அவுன்ஸ், கட்டிப்பிடித்தால் நடுவர் எவ்வளவு சீக்கிரம் பிரித்துவிடுவார். மூன்றாவது, பழைய ஆளை அன்றைய எடையிலேயே கொண்டுவருகிறோமா, இன்றைய பயிற்சியும் சாப்பாடும் கொடுத்துக் கொண்டுவருகிறோமா. வாதங்களில் பாதி, இந்த மூன்றையும் பேசிக்கொள்ளாததால் வருபவை.

எடை வித்தியாசம் உண்மையில் எவ்வளவு?

ஜாக் டெம்ப்ஸி 1919-ல் பட்டம் வென்றபோது சுமார் 85 கிலோ. ராக்கி மார்சியானோ 84 கிலோவை ஒட்டி. அலி 1966-ல் 96 கிலோ சொச்சம். மைக் டைசன் 1986-ல் 20 வயதில் பட்டம் வென்ற இரவில் 100 கிலோ. ஃபியூரியை முதல்முறை வென்றபோது யூசிக் 101 கிலோ. 2021-ல் அமெரிக்காவின் டியோன்டே வைல்டருடன் மூன்றாவது சண்டையில் ஃபியூரி 277 பவுண்டு, அதாவது 125 கிலோவுக்கு மேல்.

இன்று ஹெவிவெயிட் 200 பவுண்டுக்கு மேல்தான் தொடங்குகிறது, அதாவது 90.7 கிலோ. அதற்குக் கீழே குரூசர்வெயிட் என்று தனிப் பிரிவு இருக்கிறது. டெம்ப்ஸியும் மார்சியானோவும் இன்று ஆடினால் குரூசர்வெயிட்டில்தான் இருப்பார்கள். அதில் அவமானம் ஏதும் இல்லை. அவர்கள் காலத்தில் 175 பவுண்டுக்கு மேல் போனாலே ஹெவிவெயிட்தான். போக வேறு இடம் கிடையாது.

எடை எங்கே வேலை செய்கிறது என்று கேட்டால், குத்தைவிட அதிகமாகக் கட்டிப்பிடியில். 84 கிலோ ஆளின் பிடரியில் 125 கிலோ ஆள் முன்கையைப் போட்டுச் சாய்ந்தால், அந்தக் கனத்தில் ஒரு பங்கை அவர் சுமக்க வேண்டும். ஒரு ரவுண்டில் நாலைந்து முறை இது நடந்தால் ஆறாவது ரவுண்டில் தொடை கனக்கும். தொடை கனத்தால் உள்ளே நுழையும் அந்த ஓரடி மெதுவாகும். மெதுவானால் ஜாப், அதாவது முன்னால் நீட்டிய கையால் போடும் நேர்க்குத்து, முகத்தில் வந்து விழும். 2020-ல் வைல்டரை ஃபியூரி சிதைத்தது பெருமளவு இப்படித்தான்.

பெரிய உடம்பு என்றால் அடியும் பெரிதாகத்தானே இருக்கும்?

ஒரு அளவு வரைக்கும்தான். ஹெவிவெயிட்டைச் சாய்க்கப் போதுமான அடி 90 கிலோவிலேயே வந்துவிடுகிறது. ஜோ லூயிஸ் 1942 ஜனவரியில் சுமார் 94 கிலோவில் நின்று, 113 கிலோ எடையும் ஆறரை அடி உயரமும் உள்ள பட்டி பேரை முதல் ரவுண்டிலேயே முடித்தார். 2018 டிசம்பரில் வைல்டர் 96 கிலோதான். ஃபியூரியை ஒன்பதாவது, பன்னிரண்டாவது ரவுண்டுகளில் கீழே தள்ளினார். ஆகவே ஜோ லூயிஸ், 1960-களின் சோனி லிஸ்டன், ஃபோர்மன் ஆகியோரின் குத்து இன்றைய ஆட்களைப் பாதிக்குமா என்பது கேள்வியே இல்லை. பாதிக்கும். அந்தக் குத்து போய்ச் சேரும் தூரத்துக்குள் அவர்களால் வர முடியுமா என்பதுதான் கேள்வி.

பழைய ஜாம்பவான்களும் ராட்சத ஆட்களை வீழ்த்தினார்களே?

வீழ்த்தினார்கள். 1919 ஜூலை 4 அன்று ஒஹையோவின் டொலிடோவில் டெம்ப்ஸி, தன்னைவிட 26 கிலோ கனமான ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை கீழே தள்ளினார். 1935-ல் லூயிஸ் 118 கிலோ பிரிமோ கார்னெராவை ஆறு ரவுண்டில் முடித்தார். ஆனால் இவற்றை அப்படியே இன்றைக்குக் கொண்டுவர முடியாது.

வில்லார்ட் 27 வயதுக்கு மேல்தான் குத்துச்சண்டைக்கே வந்தவர். டெம்ப்ஸியைச் சந்தித்தபோது வயது 37, அதற்கு முன் மூன்று ஆண்டுகளாகப் பட்டத்தைக் காக்க ஒரு சண்டைகூடப் போடவில்லை. தவிர, கீழே விழுந்தவர் எழும்வரை அடித்தவர் தூரத்து மூலைக்குப் போய் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் அன்று இல்லை. வில்லார்டின் கை தரையை விட்டு எழும்போதே டெம்ப்ஸி பக்கத்தில் நின்று அடித்தார். 1927-ல் சிகாகோவில் அந்த விதி இருந்தது. ஏழாவது ரவுண்டில் அன்றைய சாம்பியன் ஜீன் டனியை வீழ்த்திய டெம்ப்ஸி மூலைக்குப் போகத் தாமதித்ததால், எண்ணிக்கை தாமதமாகத் தொடங்கியது. டனி எழுந்து ஜெயித்தார்.

பெரிய ஆட்களின் தரம் மாறியதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் 91 கிலோவுக்கு மேல் சூப்பர் ஹெவிவெயிட் என்ற பிரிவு வந்தது. அதன்பின் ஆறரை அடிப் பையன்கள் சின்ன வயதிலேயே, தங்களைப்போன்ற உயரமானவர்களுடனேயே நூற்றுக்கணக்கான அமெச்சூர் சண்டைகளில் மோதி வளர்ந்தார்கள். லெனாக்ஸ் லூயிஸ் 1988-ல், விளாடிமிர் கிளிச்கோ 1996-ல், ஆன்டனி ஜோஷுவா 2012-ல் அந்தப் பிரிவில் தங்கம் வென்றவர்கள். கார்னெராவுக்கு உயரம் மட்டும் இருந்தது. இவர்களுக்கு உயரத்தைப் பயன்படுத்தும் பாடமும் இருக்கிறது.

ஃபியூரியின் ரீச் 85 அங்குலம், மார்சியானோவுக்கு 68. அப்படியென்றால் ஃபியூரியின் கை 17 அங்குலம் நீளமா?

இல்லை. ரீச் என்பது இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை அளப்பது. நடுவே தோள் அகலமும் சேர்கிறது. எனவே ஒரு கைக்கு வித்தியாசம் சுமார் எட்டரை அங்குலம். அதுவே பயங்கரமான இடைவெளிதான். ஆனால் 17 என்று நினைத்துக் கணக்குப் போட்டால் மைக் டைசன் யாரையுமே தொட்டிருக்க முடியாது. அவருடைய ரீச் வெறும் 71.

குள்ளமானவர் உயரமான ஜாப்பைத் தாண்டி உள்ளே போவது எப்படி?

எல்லா ஒப்பீடும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே.

இருவரும் வலக்கைக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிராளியின் ஜாப் அவரது இடக்கையிலிருந்து வரும். குள்ளமானவர் அந்த ஜாப் எட்டாத தூரத்தில், ஒரு கையளவு வெளியே நிற்க வேண்டும். தோளை அசைத்தோ முழங்காலை லேசாக மடக்கியோ ஆசைகாட்டி, ஜாப்பை வரவழைக்க வேண்டும். அது கிளம்பும் நொடியில் தலையைத் தன் வலப்பக்கம் நகர்த்தினால், ஜாப் இடத்தோளுக்கு மேலே போய்விடும். அப்போது எதிராளியின் பெரிய வலக்கை இருக்கும் திசையிலிருந்தும் விலகிவிடுகிறோம். இடப்பக்கம் நகர்ந்தால் அந்த வலக்கைக்கே முகத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதாகும். தலை நகரும் அதே நேரத்தில் முன்கால் அரை அடி உள்ளே போக வேண்டும். தலை முதலில், கால் பிறகு என்றால் பாதித் தூரத்தில் மாட்டிக்கொள்வோம். முதல் குத்து விலாவுக்கு. அது கையைக் கீழே இறக்கவைக்கும், பிறகுதான் தாடை. குத்தி முடித்ததும் நேர்கோட்டில் பின்வாங்காமல் பக்கவாட்டில் வெளியேற வேண்டும், அல்லது நெற்றியை எதிராளியின் நெஞ்சில் ஒட்டிவைத்து உள்ளேயே வேலை செய்ய வேண்டும்.

தவறு பெரும்பாலும் மூன்று இடங்களில் நடக்கிறது. முழங்காலை மடக்காமல் இடுப்பை வளைத்துக் குனிந்தால் அப்பர்கட், அதாவது கீழிருந்து மேல்நோக்கி வரும் குத்து, காத்திருக்கும். 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஜோ ஃப்ரேசியர் குனிந்தபடி முன்னேறினார்; ஃபோர்மன் இரண்டே ரவுண்டில் அவரை ஆறு முறை வீழ்த்தினார். 2022 ஏப்ரலில் வெம்பிளியில் ஃபியூரி, டில்லியன் வைட்டை முடித்ததும் வலக்கை அப்பர்கட்டில்தான். அடுத்த தவறு, ஒவ்வொரு முறையும் ஒரே நேர்கோட்டில் வருவது. உயரமானவர் கையை நீட்டிப் பிடித்துச் சாய்ந்துகொள்வார். மூன்றாவது, உள்ளே போய் ஒரே ஒரு குத்தோடு நின்றுவிடுவது. 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் மைக் டைசன் பஸ்டர் டக்ளஸிடம் அப்படித்தான் தோற்றார். தலை அசையவில்லை, குத்துகள் ஒற்றை ஒற்றையாக வந்தன. 83 அங்குல ரீச்சுடன் டக்ளஸ் ஜாப்பும் வலக்கையும் வைத்தே அவரைத் தேயவைத்து, பத்தாவது ரவுண்டில் ஒரு அப்பர்கட்டும் அதைத் தொடர்ந்த குத்துகளுமாகக் கதையை முடித்தார்.

சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 2024 மே 18, ரியாத், ஒன்பதாவது ரவுண்டைப் பாருங்கள். யூசிக் இடக்கைக்காரர், தன் முன்காலை ஃபியூரியின் முன்காலுக்கு வெளிப்பக்கம் வைத்துக்கொண்டே இருந்தார். அப்படி வைத்தால் பின்னாலிருக்கும் இடக்கைக்கு நேர்வழி திறக்கும். அந்த இடக்கை ஒன்று தாடையில் இறங்க, ஃபியூரியின் கால்கள் பின்னின. யூசிக் ஒன்றோடு நிற்கவில்லை. ஃபியூரி கயிற்றில் மோதித் தள்ளாடி இன்னொரு பக்கம் போய் விழப்போனார், நடுவர் மார்க் நெல்சன் எண்ணத் தொடங்கினார். அன்று யூசிக்கைவிட ஃபியூரி 17 கிலோ அதிகம். அந்தச் சண்டை 115–112, 113–114, 114–113 என்று பிரிந்த தீர்ப்பு. டிசம்பரில் நடந்த மறு சண்டையில் புள்ளி போடும் மூன்று நடுவர்களும் 116–112 என யூசிக்குக்கே கொடுத்தார்கள்.

1986–88 மைக் டைசன் ஃபியூரியை வீழ்த்துவாரா?

முதல் நான்கு ரவுண்டில் முடிந்தால் டைசன். அதைத் தாண்டினால் ஒவ்வொரு ரவுண்டும் ஃபியூரியின் பக்கம் சாயும். 1987-ல் போன்கிரஷர் ஸ்மித்தும் டோனி டக்கரும் உயரமானவர்கள், பிடித்துக் கட்டத் தெரிந்தவர்கள். இருவரும் 12 ரவுண்டும் டைசனுக்கு எதிரே நின்றார்கள். டைசன்தான் ஜெயித்தார், ஆனால் வீழ்த்த முடியவில்லை. ஃபியூரி அவர்கள் இருவரையும்விட உயரம், கனம், கட்டிப்பிடியில் கெட்டிக்காரர். டைசனுக்குச் சாதகம், ஃபியூரி அடிக்கடி கீழே விழுபவர், எழுந்திருப்பதும் அவர்தான். எங்கள் கணிப்பு, பத்தில் ஆறு ஃபியூரிக்கு. இந்த மைக் டைசன் மேல் இருந்த அபிமானத்தால்தான் ஃபியூரிக்கு அவர் அப்பா டைசன் என்றே பெயர் வைத்தார்.

அலி?

ஃபியூரிக்கு எதிராக அலியையே சொல்வோம். ஆறு அடி மூன்று அங்குலம், 78 அங்குல ரீச்: அளவில் யூசிக்கும் அலியும் கிட்டத்தட்ட ஒன்று. யூசிக்கால் முடிந்தது அலியின் கால்களால் முடியும். 1967-ல் ஆறு அடி ஆறு அங்குல எர்னி டெரலை அவர் 15 ரவுண்டும் ஆட்டிவைத்தார். அலி சரிக்கட்ட வேண்டிய ஒரு பழக்கம் உண்டு. ஜாப் வரும்போது பக்கவாட்டில் விலகாமல் தலையை நேராகப் பின்னுக்கு இழுப்பார். அன்றைய எதிராளிகளுக்கு எதிராக அது பலித்தது. 85 அங்குல ரீச்சுக்கு எதிராகப் பின்னுக்குப் போனால் இரண்டாவது ஜாப் பிடித்துவிடும்.

யூசிக்குக்கு எதிராகத்தான் அலிக்கு உண்மையான தலைவலி. 1966 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் கார்ல் மில்டன்பெர்கர் என்ற ஜெர்மானிய இடக்கைக்காரர் அலியைப் பல ரவுண்டுகள் தடுமாறவைத்தார். பன்னிரண்டாவது ரவுண்டில்தான் அலியால் முடிக்க முடிந்தது. மில்டன்பெர்கரைவிட யூசிக் பல மடங்கு தேர்ந்தவர். இந்தச் சண்டையைக் கண்ணை மூடிக்கொண்டு அலிக்கு எழுதிக்கொடுப்பவர்கள் அந்த ஃபிராங்க்ஃபர்ட் சண்டையை முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்களைக் கேட்டால் சரிபாதி.

49 சண்டை, 49 வெற்றி என்று தோல்வியே இல்லாத மார்சியானோவைக் குறைத்துப் பேசலாமா?

குறைத்துப் பேசவில்லை. 179 சென்டிமீட்டர் உயரம், 84 கிலோ. இன்றைய குரூசர்வெயிட்டில் அவர் யாருக்கும் கெட்ட கனவாக இருப்பார். 100 கிலோவுக்கு மேற்பட்ட, நல்ல கால்கள் உள்ளவரிடம் கஷ்டம். "இன்றைய பயிற்சியில் பத்து கிலோ ஏற்றிவிடலாமே" என்பார்கள். இவாண்டர் ஹோலிஃபீல்டும் யூசிக்கும் குரூசரிலிருந்து அப்படி ஏறியவர்கள்தான், ஆனால் அவர்களுக்கு ஆறு அடி இரண்டு மூன்று அங்குல எலும்புக்கூடு இருந்தது. மார்சியானோவின் உடம்பில் அதே பத்து கிலோ கால்களின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அவருடைய ஆயுதமே ஓயாமல் முன்னேறுவது.

காலம் தாண்டிய சண்டை நிஜமாகவே நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. கணினி விளையாட்டைவிட நூறு மடங்கு மதிப்புள்ள சாட்சி அது. 1974-ல் அலியிடம் தோற்ற ஃபோர்மன், 1991-ல் 42 வயதில் ஹோலிஃபீல்டுடன் 12 ரவுண்டும் நின்று புள்ளியில் தோற்றார். 1994 நவம்பரில் 45 வயதில் மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்திப் பட்டத்தை மீண்டும் எடுத்தார். 1978-ல் பட்டம் வென்ற லாரி ஹோம்ஸ், 1992-ல் 42 வயதில், சியோல் ஒலிம்பிக்ஸ் தங்கப் பதக்கக்காரர் ரே மெர்சரை மூலைக்கு மூலை ஜாப்பால் ஏமாற்றி ஜெயித்தார்.

இங்கிருந்து ஒரு சங்கிலி கிடைக்கிறது. அலி 1980-ல் ஹோம்ஸுடன் மோதினார். ஹோம்ஸ் 1992-ல் மெர்சருடன். மெர்சர் 2002-ல் விளாடிமிர் கிளிச்கோவுடன். கிளிச்கோ 2015-ல் ஃபியூரியுடன். ஃபியூரி 2024-ல் யூசிக்குடன். அலிக்கும் யூசிக்குக்கும் நடுவே நாலே பேர். தோல்விகளில் பல வயதானவருக்கு வந்தவை என்பதால் யார் பெரியவர் என்று இதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் 1970-களுக்கும் இன்றைக்கும் நடுவே கடக்க முடியாத பள்ளம் இருக்கிறது என்ற பேச்சு இதோடு அடிபட்டுப் போகிறது. பழையவர்களில் இன்று மிகக் குறைவான மாற்றத்தோடு முன்வரிசையில் நிற்கக்கூடியவர் ஹோம்ஸ் என்பதே எங்கள் கருத்து. அவருக்குக் கிடைக்க வேண்டிய பெயர் இன்னும் கிடைக்கவில்லை.

ஜோ லூயிஸ், லிஸ்டன், ஃப்ரேசியர்?

லூயிஸ்: குத்து எந்தக் காலத்துக்கும் போதும், கால்தான் மெதுவாக ஊர்ந்து வரும், யூசிக் போன்றவரைத் துரத்திப் பிடிப்பது சிரமம், ஜோஷுவா போல எதிரே நிற்பவருக்கு ஆபத்து. லிஸ்டன்: ஆறு அடி ஒரு அங்குல உயரத்துக்கு 84 அங்குல ரீச், ஜாப்பே ஒரு கட்டை, இன்றும் முதல் ஐந்துக்குள். ஃப்ரேசியர்: அப்பர்கட் தெரிந்த உயரமானவர்களிடம் கஷ்டப்படுவார்.

இன்றைய ஆட்களைப் பழைய விதிகளுக்குக் கொண்டுபோனால்?

கணக்கு தலைகீழாகும். 1982-ல் லாஸ் வேகாஸில் தென்கொரியாவின் டுக் கூ கிம் சண்டையில் பட்ட அடியால் இறந்தபின், உலகக் குத்துச்சண்டை கவுன்சில் 1983 முதல் 15 ரவுண்டை 12 ஆக்கியது. மற்ற அமைப்புகள் 1987–88-ல் பின்தொடர்ந்தன. அந்த மூன்று ரவுண்டு சின்ன விஷயம் இல்லை. 1952-ல் அன்றைய சாம்பியன் ஜெர்ஸி ஜோ வால்காட்டை மார்சியானோ வீழ்த்தியது பதின்மூன்றாவது ரவுண்டில். 12-ல் மணி அடித்திருந்தால் மூன்று நடுவர்களின் புள்ளி அட்டையிலும் முன்னால் இருந்தவர் வால்காட்தான். 1941-ல் பில்லி கான் 12 ரவுண்டு முடிவில் லூயிஸைவிட முன்னால் இருந்தார், பதின்மூன்றில் விழுந்தார். 125 கிலோவைத் தூக்கிக்கொண்டு 45 நிமிடம் ஆடுவது வேறு வேலை.

கையுறை இன்று 10 அவுன்ஸ், மார்சியானோ காலத்தில் 8. மருத்துவரும் இன்று சீக்கிரம் தலையிடுவார். 1954 செப்டம்பரில் எஸார்ட் சார்லஸ் மார்சியானோவின் மூக்கு நுனியைப் பிளந்துவிட்டார். அந்த ரத்தத்தோடு ஆடி எட்டாவது ரவுண்டில் மார்சியானோ ஜெயித்தார். இன்று அந்தச் சண்டை ஏழாவது ரவுண்டிலேயே நிறுத்தப்பட்டிருக்கலாம்.

கணினி கணிப்புகளை நம்பலாமா?

1969-ல் அலியையும் மார்சியானோவையும் ஒன்றாக ரிங்கில் ஏற்றிப் படம்பிடித்து, கணினி சொன்ன முடிவு என்று 1970 ஜனவரியில் திரையிட்டார்கள். அமெரிக்காவில் மார்சியானோ பதின்மூன்றாவது ரவுண்டில் வென்றார். ஐரோப்பாவில் அலி வெல்லும் வேறு முடிவு காட்டப்பட்டது. குத்துகளை எண்ணும் முறை 1985-ல்தான் ஒழுங்காக வந்தது. அதற்கு முந்தைய எண்கள் பிறகு படத்தைப் பார்த்து எண்ணியவை. உள்ளே போடும் எண்ணே ஊகமென்றால் வெளியே வருவதும் ஊகம்தான்.

நானே பார்த்து முடிவு செய்ய வேண்டும். எப்படிப் பார்ப்பது?

தொகுப்பு வீடியோக்களை விட்டுவிடுங்கள். அவற்றில் எல்லாரும் வெல்ல முடியாதவர்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று முழுச் சண்டை: ஒன்று எளிதாக வென்றது, ஒன்று திணறியது, ஒன்று தன்னைவிட உயரமானவருடன். ஹோம்ஸுக்கு 1982 கூனி சண்டை, அலிக்கு டெரல் சண்டை பொருத்தமானவை. டெம்ப்ஸி காலத்துப் படங்கள் கையால் சுற்றும் கேமராவில் நொடிக்கு 16–18 பிரேம் என்று எடுத்தவை. 24-ல் ஓட்டினால் ஆட்கள் பொம்மை மாதிரி துள்ளுவார்கள், அதைப் பார்த்து "கோமாளித்தனம்" என்று சொல்லிவிடுகிறோம். வேகத்தை 0.75-க்குக் குறைத்து வைத்தால் டெம்ப்ஸியின் தோள் உருளுவது தெரியும். வர்ணனையின் சத்தத்தை நிறுத்துங்கள். முதல் தடவை கைகளைப் பார்க்காமல் இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள்: குத்து முடிந்த பிறகு அவர் கால்கள் எங்கே நிற்கின்றன, எதிராளியின் நேர் எதிரிலா, பக்கவாட்டிலா என்று ஒவ்வொரு ரவுண்டிலும் எண்ணிக்கொண்டே வாருங்கள்.